வெயிலில் துள்ளாத கால்

உச்சி வெயில். தெருவில் ஒருவரும் இல்லை. தெருமுனைக் குழாயிலிருந்து வக்கீல் வீட்டுப் பக்கவாட்டுக் கதவு வரை ஈரக் காலடிகள் வரிசையாகப் போயிருந்தன. கடை மாடி ஜன்னலிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, குழாய்ப் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகக் காய்ந்து மறைந்துகொண்டு வந்தன.

வலது காலடிகள் சுத்தமாக மறைந்தன. இடது காலடிகள் மறைந்த இடத்தில் மட்டும் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கறை மிஞ்சியது.

வக்கீல் வீட்டு வாசற்கதவில் பெரிய பித்தளைப் பூட்டு தொங்கியது. வீட்டார் எல்லோரும் ரயிலேறிப் பத்து நாளாகியிருந்தது.

ஊர் காலியான சித்திரை

ஜப்பான்காரன் கப்பலில் வந்துகொண்டிருக்கிறான் என்று சொல்லி மயிலாப்பூரே மூட்டை கட்டிய வருஷம் அது. ஒரு வாரம் முழுக்க மாட்டுவண்டிகளும் ஜட்கா வண்டிகளும் எழும்பூர்ப் பக்கம் போய்க்கொண்டே இருந்தன. அப்புறம் சத்தம் நின்றுவிட்டது.

கொடியில் காயப் போட்ட துணிகளை எடுக்கக்கூட நேரமில்லாமல் போனவர்கள் உண்டு. அந்தத் துணிகள் வெயிலில் வெளுத்து, காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. பூட்டிய வீடுகளுக்குள் சுவர்க் கடிகாரங்கள் மணி அடித்தன. சாவி கொடுக்க ஆளில்லாமல் அவை ஒவ்வொன்றாக நின்றன. எந்த வீட்டுக் கடிகாரம் எந்தக் கிழமை நின்றது என்று நான் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். எனக்கு எதையும் பட்டியலாக எழுதினால்தான் மனம் அடங்கும்.

அம்மா தம்பிகளோடு வாணியம்பாடிக்குப் போயிருந்தார். அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அவருக்கு லஸ் பக்கத்தில் செருப்புக்கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. பட்டாளத்துக்குப் பூட்ஸ் தைத்துக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்ததால் அவர் கிளம்பவில்லை. நான் கிளம்பாததற்குக் காரணம் ஒரு காகிதம்.

மிஸ் ஹாலமின் பட்டியல்

போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதிய எலும்புப் பை பற்றிப் படித்த திருவல்லிக்கேணி வாசகி ஒருவர், “கால் வைத்தியத்துக்கு ஒரு படிப்பா? நகம் வெட்டுவதைத் தவிர அதில் என்ன இருக்கிறது?” என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. எங்கள் அம்மாவும் இதையேதான் கேட்டார்.

படிப்பது இவை: காலின் இருபத்தாறு எலும்புகள், அவற்றைக் கட்டியிருக்கும் நார்கள், ரத்தம் கீழே இறங்கி மேலே ஏறும் வழி, தோலின் அடுக்குகள், நகம் வளரும் விதம், மனிதர் நடக்கும் விதம், செருப்பு தைக்கும் விதம், கருவிகளைக் கொதிக்க வைக்கும் முறை. கடைசிப் பாடம்தான் பெரியது. உடம்பில் வேறெங்கோ இருக்கும் வியாதி காலில் வந்து எப்படிக் காட்டிக்கொடுக்கும் என்பது.

லண்டனில் இதைக் கற்று வந்த மிஸ் ஹாலம் அடையாற்றில் தம் பங்களாவிலேயே ஒரு வகுப்பு தொடங்குவதாக இருந்தார். ஆறே இடங்கள். சேர விரும்புகிறவர்கள் எப்படித் தயாராக வேண்டும் என்று ஒரு காகிதத்தில் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார்.

ஒன்று, இன்டர்மீடியட்டில் ரசாயனம் தேறியிருக்க வேண்டும். இரண்டு, துணிப்பைக்குள் கையை விட்டு, எலும்பைத் தடவியே பெயர் சொல்ல வேண்டும், இடதா வலதா என்பது உட்பட. மூன்று, சோப்புக் கட்டியின் மேல் புடைத்திருக்கும் எழுத்துகளைப் பள்ளம் விழாமல் கத்தியால் சீவப் பழக வேண்டும். நான்கு, தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து எவர் காலையும் மடியில் வைத்துக்கொள்ளும் மனம் வேண்டும். ஐந்து, இருபது பேருடைய கால்தடங்களைத் தாளில் எடுத்து, கீழே பெயர், வயது, தொழில், காலில் கண்டவை எல்லாம் எழுதிக் கொண்டுவர வேண்டும். பெயரில்லாத தாள் சேராது.

ஆறாவது அடிக்கோடிட்டது. வகுப்பில் சேரும் வரை உயிருள்ள காலில் எந்தக் கருவியையும் வைக்கக் கூடாது.

முதலாவதும் மூன்றாவதும் எனக்குச் சுலபம். லஸ்ஸில் ஒரு டாக்டரின் பரிசோதனை அறையில் ஒரு வருஷம் வேலை பார்த்தவள் நான். வீட்டில் சோப்புகள் எல்லாம் பெயரிழந்து கிடந்தன. எலும்புப் பையில்தான் ஒரு சங்கடம் இருந்தது. மிஸ் இரவல் கொடுத்த அந்தப் பையிலிருந்தவை ஒரே மனிதரின் எலும்புகள் அல்ல. குதிகால் எலும்பு ஒரு பெரிய ஆளுடையது, விரல்கள் யாரோ சிறியவருடையவை. கண்ணை மூடித் தடவும்போது, நடந்தே இராத ஒரு கால் கைக்குள் உருவாகும்.

ஐந்தாவதில் மாட்டிக்கொண்டேன். பதினெட்டுத் தடங்கள் எடுத்திருந்தேன். திங்கட்கிழமை கெடு. இந்த வருஷம் இடம் கிடைக்காவிட்டால் வாணியம்பாடி வரனுக்குச் சரி சொல்லிவிடுவதாக அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். இன்னும் இரண்டே இரண்டு பேர் வேண்டும். ஊரில் ஆளே இல்லை.

பத்தொன்பது

ஊரூர்க் குப்பத்து முனியம்மா மட்டும் மீன் கூடையோடு வந்துகொண்டிருந்தார். அரிக்கேன் விளக்குக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துத் துணியில் தடவி, அதன்மேல் ஒரு தரம் நின்று பிறகு தாளின்மேல் நிற்கச் சொன்னேன்.

“தோ பாரு பாப்பா, என் காலடிய எட்த்துக்கினு போய் எவன் கைலயாவது குட்த்து பில்லி கில்லி வெச்சிடப் போற.”

“உங்க காலடி கடற்கரை மணல்ல ஆயிரம் கிடக்கே முனிம்மா. அதை எடுக்க முடியாதா?”

“அத்த அல வந்து அழிச்சிட்டுப் பூடும். உன் காயிதத்த யாரு அழிப்பா?”

பெயரை எழுதி வைப்பேன் என்றேன். அதற்கு உடனே இணங்கிவிட்டார்.

“அப்ப சரி. பேரு கீற காலு மேல எவனும் கை வைக்க மாட்டான். பெர்சா எழ்து.”

எழுதினேன். கிளம்பும்போது வக்கீல் வீட்டை முகவாயால் காட்டினார். “அந்த ஊட்ல இன்னாமோ கீது பாப்பா. வாசல் பூட்டிக்கினு கீது, உள்ள வாளி உருள்ற சத்தம் வருது. நான் எதிர்ப்பக்கமா தான் போறேன். அதுக்கோசரம் வெயில்ல நடக்க வேண்டிக் கீது. தாரு அட்ப்பு மாரி கொதிக்கிது, துள்ளித் துள்ளி வரேன்.”

குழாயில் கால் நனைத்துக்கொண்டு போனார். அவருடைய ஈரத் தடங்களைப் பார்த்தேன். விரல் நுனிகள் மட்டும்தான் பதிந்திருந்தன, ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில். கொதிக்கும் தரையில் யாரும் அப்படித்தான் நடப்பார்கள்.

வக்கீல் வீட்டுக்குப் போன தடங்கள் அப்படி இல்லை. முழுப் பாதம், நெருக்கமான அடிகள், எல்லாம் ஒரே அளவு. மார்கழி மாதத்துச் சிமென்டுத் தரையில் நிதானமாக நடந்து போனவரின் தடங்கள்.

அத்தாவின் கடையிலிருந்து அளவு நூல் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன்.

நூலும் நோட்டும்

மறுநாள் உச்சிவேளையில் தடங்கள் மறுபடி விழுந்திருந்தன. காய்வதற்குள் ஓடிப்போய் ஒன்றை நூலால் அளந்தேன். நீளம், அகலம். இரண்டாம் விரல் பெருவிரலைவிட நீளம். சுண்டுவிரல் பதியவே இல்லை.

அத்தா கடை வாசலில் நின்று கூப்பிட்டார். “நூரு, வேணாம்மா. அந்தப் பக்கம் போவாதே. அவங்க வீட்டுப் பொம்பளை ஒண்ணு காசிக்குப் போய்ச் செத்துப்போச்சு.”

“பேய்க்குக் கால் கிடையாதுன்னு சின்ன வயசுல நீங்கதானே சொன்னீங்க அத்தா?”

“ஆமா.”

“இதுக்கு இருக்கு. இடது கால்ல புண்ணும் இருக்கு.”

அத்தாவிடம் தடித்த நோட்டுகள் நிறைய உண்டு. செருப்புக்கு அளவு கொடுத்தவர்களின் பாதங்களைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து வைத்திருப்பார். அவர்களில் பலர் இப்போது உயிரோடு இல்லை. அத்தா ஒரு பக்கத்தையும் கிழித்ததில்லை.

நூலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். மூன்றாவது நோட்டில், நடுப்பக்கத்தில், நூல் பொருந்தியது. நீண்ட இரண்டாம் விரல். ஓரத்தில் அத்தாவின் கையெழுத்து: “சுண்டுவிரல் பக்கத்து விரல் மேல் ஏறியது. வெல்வெட்டு. வக்கீல் தங்கை.”

அத்தா நோட்டைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டார். “கல்யாணமான புதுசுல அவ வீட்டுக்காரர் கல்கத்தாவுலேர்ந்து வந்து சொல்லி வெச்சாரு. தெச்சு முடிக்கறதுக்குள்ள அவரு மவுத்தாயிட்டாரு. வாங்கிக்க யாரும் வரலை. செருப்பு இன்னும் மேல் பெட்டியில இருக்குது.” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். “காசில செத்தது இவதான், நூரு.”

குழாயடியில்

அடுத்த நாள் நான் முன்னாடியே போய்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றேன். கையில் நோட்டு, தாள், கரித்துணி, பஞ்சு.

பக்கவாட்டுக் கதவு சத்தமில்லாமல் திறந்தது. வெள்ளைப் புடவையால் தலையை மூடிய ஒரு பெண்மணி இடுப்பில் குடத்தோடு தெருவைக் கடந்து வந்தார். முகத்தைப் பார்க்க வேண்டியவள் நான் காலையே பார்த்தேன். உருகிய தார்மேல் அந்தப் பாதங்கள் முழுதாகப் பதிந்து, ஒட்டி, பிரிந்து வந்தன. ஒரு விரல்கூடச் சுருங்கவில்லை.

குடத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நாற்பது வயதிருக்கும்.

“ஓடாம நிக்கறயே, பொண்ணே. நான் யாருன்னு தெரியறதா?”

“முகம் தெரியாதுக்கா. காலைத் தெரியும்.”

“செருப்புக்கடை சாயபு பொண்ணா நீ?” கண்கள் விரிந்தன. “அந்த வெல்வெட் செருப்பு இன்னும் இருக்கோ?”

பேய் கேட்கக்கூடிய கேள்வியாகவும் அது இருந்தது. இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஓர் அடி முன்னால் வைத்தேன்.

“கிட்ட வராதே. எனக்குப் பெரிய வியாதி. வைத்தியர் பாதத்துல ஊசியால குத்தினார், தெரியலைன்னேன். அவ்வளவுதான். அண்ணாவுக்கு ரெண்டு பொண்ணு கல்யாணத்துக்கு நிக்கறதுகள். ஆத்துல இந்த வியாதி இருக்குன்னு தெரிஞ்சா யார் வருவா? என்னைக் காசிக்கு அனுப்பிட்டா.”

“நீங்க இங்கேதானே இருக்கீங்க?”

“பின்கட்டுல இருந்துண்டே காசிக்குப் போனேன். காரியமும் பண்ணியாச்சு. பதிமூணாம் நாள் வடை வாசனை எனக்கு ஜன்னல் வழியா வந்தது. ஒண்ணு கொடுத்திருக்கலாம்.” சிரித்தார். “இப்போ ஊர்ல நான் யாருன்னு கேக்கறதுக்கு யாருமில்லை. கிணறு வத்திடுத்து. அதான் வெளியில வரேன். ஒரு மாசத்துக்கு அரிசி வெச்சுட்டுப் போயிருக்கா.”

“ஒருத்தருக்கு இவ்வளவு பெரிய குடமா?”

“குடிக்கத்தான். ஒரு நாளைக்கு ஒண்ணு போறலை.”

அந்த வார்த்தை என் காதில் தங்கிவிட்டது. கால்தடம் வேண்டும் என்று கேட்டேன். காலைத் தொட வேண்டியிருக்கும் என்றும் சொன்னேன்.

“என்னைத் தொட்டு ரெண்டு வருஷமாச்சு, யாரும்” என்றார். “வா.”

இருபதாம் தாள்

பின்கட்டுச் சந்தில் நிழல் இருந்தது. சாக்கடை முகப்பை நோக்கி எறும்புகள் கறுப்புக் கயிறு போலப் போய்க்கொண்டிருந்தன. அங்கே சர்க்கரையோ வெல்லமோ கொட்டிக் கிடக்கவில்லை. கால் கழுவும் இடம், குளிக்கும் இடம், அவ்வளவுதான்.

பஞ்சால் அவருடைய பாதங்களை வருடினேன். கண்ணை மூடிக்கொண்டு, தொடும்போது சொல்லச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பாதம், விரல், குதிகால் எதற்கும் பதிலில்லை. கணுக்காலுக்கு மேல் வந்ததும் “இப்போ” என்றார். இரண்டு காலிலும் ஒரே உயரத்தில், காலுறை போட்டது போல. தோலில் வேறெங்கும் தேமலோ தடிப்போ இல்லை.

தடம் எடுத்தேன். வலது சுத்தமாக விழுந்தது. இடதில், விரல்களுக்குக் கீழே, கரியின் நடுவில் ஒரு வெள்ளை வட்டம். அந்த வட்டத்துக்குள் ஊசி முனை அளவுக்கு ஒரு கரும்புள்ளி.

அவர் காலைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தேன். புள்ளி இரும்பாக மின்னியது.

“அக்கா, உங்க கால்ல ஊசி இருக்கு.”

“எங்கே?” குனிந்து, யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்தார். “அட, அண்ணாவோட கிராமபோன் ஊசி. அவாள்ளாம் ஊருக்குப் போன அன்னிக்கு டப்பாவைத் தட்டி விட்டேன்.”

பன்னிரண்டு நாள். அந்த ஊசியோடு அவர் மாடி ஏறியிருக்கிறார், சமைத்திருக்கிறார், தெருவைக் கடந்திருக்கிறார்.

இடுக்கி என் பையில் இருந்தது. விரலும் அதன்மேல் போயிற்று. ஆனால் ஊசி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, உள்ளே முறிந்திருக்கிறதா, எனக்குத் தெரியாது. தெரியாதவர்களுக்காகத்தான் ஆறாவது விதி. கையை எடுத்துக்கொண்டேன். ஒரு சீசாவில் அவருடைய சிறுநீர் மட்டும் வாங்கிக்கொண்டேன்.

கிளம்பும்போது என் புடவைத் தலைப்பைப் பிடித்தார். “பேர் எழுதிடாதே. அந்தக் குழந்தைகள் நன்னா இருக்கட்டும்.”

பெயரில்லாத தாள் சேராது. முனியம்மா சொன்னதும் ஞாபகம் வந்தது. பெயர் எழுதும் இடத்தைக் காலியாகவே விட்டேன்.

லஸ் டாக்டர் ஊரைவிட்டுப் போகும்போது கொடுத்த பரிசோதனை அறைச் சாவி என்னிடம் இருந்தது. சோதனைக் குழாயில் நீலத் திரவம், அதில் சிறுநீர் எட்டுச் சொட்டு, கீழே ஸ்பிரிட் விளக்கு. நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில், சர்க்கரை மிகுந்தால் வரும் செங்கல் நிறத்தில் நின்றது. ஆளில்லாத அந்த அறையில் நான் மட்டும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு வருஷப் பின்கட்டு வாசமும் காசி யாத்திரையும் பதிமூணாம் நாள் வடையும் அந்தக் குழாயின் அடியில் படிந்திருந்தன.

அடையாறு

திங்கட்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. அன்றைக்கே பாலத்தைக் கடந்து நடந்தேன். எதிரே ஒரே ஒரு சைக்கிள் வந்தது.

மிஸ் ஹாலம் முன்ஷி வைத்துத் தமிழ் கற்றவர். தாள்களை எண்ணினார். கடைசித் தாளில் நிறுத்தினார்.

“பெயர் எங்கே?”

“சொல்ல முடியாது, மிஸ்.”

“பெயரில்லாத தாள் சேராது என்று எழுதியிருந்தேன்.”

“பத்தொன்பது என்றே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இந்தத் தாளைப் பாருங்கள். சிறுநீரில் சர்க்கரை இருக்கிறது. பாதத்தில் உணர்ச்சி இல்லை. வீட்டில் தொழுநோய் என்று நினைத்துப் பூட்டி வைத்திருக்கிறார்கள்.”

தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். “அந்த நோயாகவே இருந்தாலும் பூட்டியா வைப்பார்கள்? இந்தப் புள்ளி என்ன?”

“ஊசி.”

“நீ எடுத்தாயா?”

“இல்லை. ஆறாவது விதி.”

“எத்தனை நாள்?”

“பன்னிரண்டு.”

மற்றப் பத்தொன்பது தாள்களையும் அப்படியே தரையில் வைத்துவிட்டு எழுந்தார். மின்விசிறிக் காற்றில் முனியம்மாவின் கால் பறந்து வராந்தாவுக்குப் போயிற்று. மிஸ் தம் பையை எடுத்துக்கொண்டு, “வண்டியில் ஏறு” என்றார்.

ஊசி உள்ளே முறிந்துதான் இருந்தது. நான் இழுத்திருந்தால் பாதி தங்கியிருக்கும். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் சர்க்கரை வியாதி என்றே உறுதி செய்தார். பங்கஜம் அக்காவுக்கு, அதுதான் அவர் பெயர், அந்த நீண்ட இரண்டாம் விரல் போயிற்று. கால் தங்கியது. குணமானதும் மிஸ்ஸின் பங்களாவிலேயே ஓர் அறையில் தங்கினார். அத்தா அகலமாக, உள்ளே கம்பளி வைத்து, புதிதாக ஒரு ஜோடி தைத்துக் கொடுத்தார். வெல்வெட் செருப்பு பெட்டியிலேயே இருக்கட்டும் என்று அக்கா சொல்லிவிட்டார்.

எனக்கு இடம் கிடைத்தது. இருபதாம் தாள் கடைசிவரை சேரவில்லை. அதற்குப் பதிலாக மிஸ் தம் காலுறையைக் கழற்றிவிட்டு என் கரித்துணிமேல் ஏறி நின்றார்.

கறைகள்

பயம் தெளிந்து ஊர் திரும்பிய வாரம் வக்கீல் வீட்டுப் பூட்டும் திறந்தது. வக்கீல் வாசலில் வந்து நின்றார். தெருவின் இந்தக் கோடியைப் பார்த்தார், அந்தக் கோடியைப் பார்த்தார். எங்கள் கடைக்கு வந்து ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் திரும்பிப் போனார். செத்துப்போனவளைக் காணவில்லை என்று யாரிடம் விசாரிக்க முடியும்?

நானாக எதுவும் சொல்லவில்லை. சொல்வதற்கு உரிமை உள்ளவர் அடையாற்றில் இருந்தார்.

மூன்றாம் நாள் முனியம்மா கூடையை இறக்காமலே செய்தி சொன்னார். “வக்கீல் ஊட்ல தரையெல்லாம் கறுப்பு கறுப்பா காலடியாம் பாப்பா. ஒத்தக் காலு. தேச்சாலும் போவலியாம். மந்திரவாதி வந்து காலடித் தூசிய சுரண்டி, செவப்புத் துணில கட்டி, எங்க குப்பத்தாண்ட கடல்ல போட்டுட்டுப் போறான். நான் பாத்தேன்.”

அன்று மாலை வகுப்பு முடிந்ததும் அக்காவின் அறைக்குப் போனேன். வராந்தா வெளிச்சத்தில் உட்கார்ந்து, கைக்கண்ணாடியைப் பாதத்துக்குக் கீழே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உணர்ச்சியில்லாத காலைத் தினமும் கண்ணால் தடவ வேண்டும் என்பது மிஸ் அவருக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். எனக்கும் அதுதான் முதல் பாடம்.

முனியம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். “அண்ணாகிட்ட சொல்லட்டுமாக்கா, நீங்க இங்கே இருக்கீங்கன்னு?”

கண்ணாடியை இடது காலுக்கு மாற்றினார். விரல் இருந்த இடத்தையும் தழும்பையும் குதிகாலையும் நிதானமாகப் பார்த்து முடித்தார்.

“மாடிப்படித் தூசியையும் எடுத்தாளாமா?” என்று கேட்டார். “அங்கேயும் நிறைய நடந்திருக்கேன்.”